ஸ்வர்ணாவின் பாயில் இரண்டு சுருக்கங்கள்

நாகமலையின் தென்சரிவை ஒட்டிய கண்மாய் அந்த மார்கழியில் கரை தொட நிறைந்திருந்தது. பத்து மணிக்குள் ஸ்வர்ணா பாய்மரப் பலகைப் பந்தயத்துக்கு ஒரு பாயைத் தேர்ந்து நடுவரிடம் முத்திரை பெற வேண்டும். அதன்பின் மாற்ற இயலாது. மாநில அணியில் எஞ்சியிருந்தது ஒரே இடம். சென்ற ஆண்டு அந்த இடம் கடைசி மிதவையருகே அவள் கைவிட்டுப் போனது.

அவள் நின்று செலுத்தும் பலகையின் அடியில், நீருக்குள், ஃபாயில் என்னும் இறக்கை ஒன்று உண்டு. பாயில் காற்று நிறைந்து வேகம் கூடினால் அந்த இறக்கை பலகையையே நீரைவிட்டு மேலே தூக்கிவிடும். அக்கணம் அலையோசை அடங்கும். சந்நிதித் திரை விலகும்போது கூட்டம் மூச்சடக்கி நிற்குமே, அத்தகைய அமைதி அது.

கரையில் இரண்டு பாய்கள் கிடந்தன. ஒன்று கேம்பர் பூட்டியது. பாயின் குறுக்குக் குச்சிகளான வரிச்சுகளின் நுனியிலுள்ள அந்தப் பிளாஸ்டிக் கவ்விகள் பாய்மரத்தைத் தழுவி, காற்று ஓய்ந்தபோதும் பாயின் வயிறு குலையாமல் காக்கும். மற்றொன்று கேம்பர் அற்றது. இலகுவானது, காற்று அருளிய வடிவமன்றித் தனக்கென வடிவம் வேண்டாதது.

விடிந்ததிலிருந்து இரண்டையும் மாற்றி மாற்றிச் செலுத்திப் பார்த்துவிட்டாள். கேம்பர் பாய் நேர்கோட்டில் அரசநடை நடந்தது. ஆனால் மிதவையைச் சுற்றித் திரும்புகையில், கவ்விகள் மரத்தின் மறுபுறம் புரளத் தாமதித்து, ஐந்து திருப்பங்களில் இரண்டில் அவளை நீரில் தள்ளின. சென்ற ஆண்டின் வீழ்ச்சியும் அதனால்தான். கேம்பரற்ற பாயோ பலகையை எழுப்பவே இல்லை.

"கேம்பர் பாயையே முத்திரைக்குக் கொண்டுபோறேன்ப்பா. எந்திரிக்காத பாய வச்சு நான் என்ன பண்ண?" என்றாள், ஈரம் சொட்டச் சொட்டக் கரையேறி.

தந்தை லட்சுமிநாராயணன் தலையசைத்தார். சௌராஷ்டிர நெசவுக் குடும்பம். நாற்பது ஆண்டுகளாகத் தறியில் பாவு நூலை இழுத்துப் பூட்டிய கைகள். மகளின் பாய்களை வேறெவர் கட்டவும் அவர் விட்டதில்லை. "நானும் இம்புட்டு இழுத்துக் கட்டிப் பாத்துட்டேன். அது ராசியில்லாத பாயிம்மா."

கிழிசல் தைக்க வந்திருந்த ஷைமா ஊசியை நிறுத்தினாள். கப்பலூரில் லாரித் தார்ப்பாய் தைக்கும் பட்டறையில் வேலை, ஸ்வர்ணாவின் பள்ளித்தோழி. எழுந்து வந்து கேம்பரற்ற பாயை விரலால் சுண்டினாள். பறைபோல் அதிர்ந்தது.

"யா அல்லா! மாமா, இதப் பாயாவா கட்டியிருக்கீங்க, பாவாவா?"

"ஏன்? ஒரு சுருக்கம் காட்டு பாப்போம்!"

"அதத்தான் சொல்றேன். ஒண்ணுகூட இல்ல. வயிறு விழ இடமே இல்லாம இழுத்துட்டீங்க. தார்ப்பாய இப்படிக் கட்டுனா திருமங்கலம் தாண்டுறதுக்குள்ள கிழிஞ்சிரும்."

"சுருக்கத்தோட தறியில ஏத்துனா சேலை என்னாகும், தெரியுமா?"

"சேலை பறக்கணும்னு யாரு கேட்டா மாமா?"

ஸ்வர்ணா சிரித்துவிட்டாள். மறுகணமே சிரிப்பு நின்றது. கேம்பர் பாயை எத்தனை இறுக்கினாலும் கவ்விகள் அதன் வயிற்றைக் காத்துவிடும். மற்றதற்கு அக்காவல் இல்லை. பழி பாயினுடையதன்று, சுருக்கம் பொறுக்காத கண்ணுடையது.

"அப்பா, நீங்களே தளத்துங்க," என்றாள் மெல்ல.

அவர் கயிற்றைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு குனிந்து, பின்கயிற்றை நான்கு விரற்கிடை நெகிழ்த்தினார், கீழ்க்கயிற்றை இரண்டு. பாய்மரத்தருகே இரண்டு சுருக்கங்கள் விழுந்தன. முகத்தை வேறுபுறம் திருப்பிக்கொண்டார்.

ஒன்பதரைக்கு ஸ்வர்ணா மீண்டும் நீரில் இறங்கினாள். வாடை மலைமுடியைத் தாண்டி வருவதால் அங்கே அது சீராக வீசாது. ஒரு வீச்சு, ஓர் ஓய்வு. முதல் வீச்சிலேயே பாய் வயிறு கொண்டது, பலகை எழுந்தது. மிதவையை நெருங்கித் திரும்பினாள். கை மாறியது, கால் மாறியது, பாய் ஓசையின்றிப் புரண்டது. நீரில் ஒரு துளியும் தெறிக்கவில்லை. அவ்வாறே ஐந்து முறை. 

"ஓய்வுல கேம்பர் பாய்தான் தாங்குது," என்றாள் திரும்பி வந்து. "நேர்ல ரெண்டு பலகை நீளம் இழப்பேன். ஆனா பந்தயத்துல எட்டுத் திருப்பம். விழுந்தா இருவது நீளம் போச்சு."

"அப்ப எது?" என்றாள் ஷைமா.

"இதுதாண்டி."

நடுவர் முத்திரையிடும்போது, காற்றில் சுருக்கங்கள் நடுங்கின. லட்சுமிநாராயணனின் வலக்கை தானாகக் கயிற்றை நோக்கி நீண்டது. அவர் அதை இடக்கையால் பற்றி முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டார். பந்தயம் முடியும்வரை அவிழ்க்கவில்லை.

பதினொரு மணிக்குப் பந்தயம் தொடங்கக் கொடி இறங்கியது. நேர்கோடுகளில் கேம்பர் பாய்க்காரி ஒருத்தி முந்தினாள். ஒவ்வொரு மிதவையிலும் ஸ்வர்ணா அந்த இடைவெளியைத் தின்றாள். எட்டாம் மிதவை. சென்ற ஆண்டு அவளை விழுங்கிய திருப்பம். ஷைமா கண்களை மூடிக்கொண்டாள். லட்சுமிநாராயணன் மூடவில்லை. நீருக்கு மேலே ஓர் உருவம் சாய்ந்தது, பாய் புரண்டது, உருவம் நிமிர்ந்தது. அடியில் இறக்கை மட்டும் நீரைக் கீறிச் சென்றது. முன்னால் வேறெவரும் இல்லை.

"மாமா, விழுந்துட்டாளா?"

"கண்ணத் தெறம்மா. இதப் பாக்காம விட்டா பாவம்."

எல்லைக் கோட்டைக் கடந்து மகள் கரையேறியபோது நிருபர் ஒருவர் கேமராவோடு ஓடினார். லட்சுமிநாராயணன் குறுக்கே புகுந்து, உள்ளங்கையால் பாயின் மரத்தோரத்தை மறைத்தார்.

"அண்ணே, பொண்ண எம்புட்டு வேணா எடுங்க. இந்த ரெண்டு சுருக்கம் மட்டும் விழாம எடுங்க. எங்க தெருவுல பாத்தா, கட்டுனது யாருன்னு கேப்பாங்க."