குரூப்ல போட்டேனே

கடைக்காரர் கண்ணாடி மேசைமேல் இரண்டு போன்களை வைத்தார். ஒன்று பட்டன் போன், அவளிடம் ஏற்கெனவே இருப்பதைப் போலவே. மற்றது டச் போன். பளபளவென்று அவள் முகத்தையே அவளுக்குக் காட்டியது.

"எது வேணுமோ எடு பாப்பா. அண்ணன் வாங்கித் தரேன்."

பாப்பாவுக்கு வயது நாற்பத்தாறு. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் துவைத்து விரல் நுனியெல்லாம் சுருங்கிப் போனவள். போன வாரம்வரை அண்ணன் வாயில் இந்தப் பாப்பா வந்து யாரும் கேட்டதில்லை. காரியம் ஆகும்வரை காலைப் பிடி என்று சும்மாவா சொன்னார்கள்? அம்மாவின் வீட்டை வாங்க ஆள் பிடித்துவிட்டான். வியாழக்கிழமை காலை பத்திரப் பதிவு. அவள் கையெழுத்து இல்லாமல் அதில் ஒரு செங்கல்லைக்கூட விற்க முடியாது.

எட்டு மாதத்துக்கு முன் அம்மா போய்ச் சேர்ந்தாள். காலையில் மூச்சு வாங்க ஆரம்பித்து, மறுநாள் சாயங்காலம்வரை உயிர் இருந்திருக்கிறது. ஒன்றரை நாள். சொல்லியிருந்தால் பாப்பா பஸ் ஏறி மூன்று மணி நேரத்தில் போயிருப்பாள். அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் அவளுக்கே தெரிந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

"ஒரு போன் பண்ணிருக்கலாமே அண்ணா" என்று வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"குரூப்ல போட்டேனே! எல்லாரும் பாத்துட்டு வந்தாங்க. நீ இன்னும் அந்த டப்பாவ வச்சுக்கிட்டு இருந்தா நான் என்ன பண்றது?"

அந்த டப்பாவில்தான் இப்போது ஒரே நாளில் ஏழு முறை கூப்பிட்டிருந்தான். கையெழுத்து என்றதும் நம்பர் ஞாபகம் வந்துவிட்டது, பாவம்.

பட்டன் போன்தான் அவள் வேலைக்குத் தோது. ஈரக்கை பட்டால் டச் போன் அசையாது. அவள் கையும் அந்தப் பக்கம்தான் போனது. அதற்குள் அண்ணன் டச் போனை எடுத்துத் திறந்து காட்டினான்.

"இதுல உன்னையும் நம்ம குடும்ப குரூப்ல சேத்துடறேன். ஒண்ணு சொல்றேன், விடிஞ்சா போதும், பூப்படமும் காலை வணக்கமுமா கொட்டும். சத்தத்த நிறுத்தி வச்சுக்கோ. நான்லாம் அத எட்டிப் பாக்கறதே இல்ல."

அவள் கை நின்றது. தான் எட்டிப் பார்க்காத இடத்திலா பெற்ற தாயின் உயிரைப் போட்டு வைத்தான்?

"இதையே எடுத்துக்கறேன் அண்ணா" என்றாள் சிரித்த முகமாக.

யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வராமலா போகும்? ஆனால் பூனை நியாயக்காரி. கடைசி நேரத்தில் காலை வாரவில்லை. புதன்கிழமை காலையிலேயே கையைத் துண்டில் நன்றாகத் துடைத்து, அரை மணி நேரம் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, குரூப்பில் போட்டாள்: 'நாளை நான் கையெழுத்துப் போட வரமாட்டேன். வீட்டை விற்க எனக்குச் சம்மதமில்லை.'

அதன்மேல் பதினாறு பூக்கள் வந்து விழுந்தன. சித்தப்பா படிக்காமலே கட்டைவிரலை உயர்த்தினார். அவள் இரண்டு போன்களையும் அணைத்து, சலவைக்கூடத்து அலமாரியில் வைத்துவிட்டுத் துவைக்கப் போனாள்.

வியாழக்கிழமை அண்ணனும் அண்ணியும் பதிவு அலுவலகத்து பெஞ்சில் காலையிலிருந்து காத்துக் கிடந்தார்கள். வாங்க வந்தவர் மதியம்வரை பொறுத்தார். பிறகு, வேறு வீடு பார்த்துக்கொள்கிறேன் என்று எழுந்து போய்விட்டார். சாயங்காலம் சலவைக்கூடத்து வாசலில் அண்ணன் வந்து நின்றான். சட்டை வேர்வையில் ஊறியிருந்தது.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? வரலன்னா சொல்லக் கூடாதா?"

"குரூப்ல போட்டேனே அண்ணா. நேத்து காலையிலேயே. பாக்கலையா?"

அவன் போனை எடுத்தான். விரலால் தள்ளினான், தள்ளினான். ரோஜா, தாமரை, சூரியகாந்தி. அவற்றுக்கெல்லாம் அடியில் அவள் எழுதியது இருந்தது. நின்றபடியே இரண்டு முறை படித்தான்.

"ஒரு போன்..." என்று நிமிர்ந்தான். "ஒரு போன் பண்ணிருக்கலாமே."

எட்டு மாதத்துக்கு முன் அவள் வாசலில் உட்கார்ந்து அழுது சொன்ன வார்த்தை. இப்போது அவன் வாயிலிருந்து வந்தது. பழி தீர்த்தால் மனசு ஆறாது என்பார்கள் பெரியவர்கள். ஆறியது. பொய் சொல்வானேன்? கொஞ்ச நேரத்துக்காவது நன்றாகவே ஆறியது.

உள்ளே போய் அலமாரியிலிருந்து இரண்டு போன்களையும் எடுத்து வந்து, டச் போனை அவன் சட்டைப் பையில் போட்டாள். தன் பட்டன் போனுக்கு உயிரூட்டினாள்.

"இனிமே ஏதாச்சும் சொல்லணும்னா இதுல கூப்பிடு. அம்மாவுக்கும் இந்த நம்பர்தான் தெரியும்."