மீதிப் படம்

“பொறவு என்னட்டி ஆச்சு?”

அம்மா சுடலைவடிவு கடைசியாகக் கேட்டது இதுதான். பதில் வருவதற்குள் தூங்கிவிட்டாள். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று கலையரசி டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு மிச்சப் படத்தைத் தனியாகப் பார்த்து முடித்தாள். காலையில் அம்மா எழுந்திருக்கவில்லை.

இப்போது அம்மா நடுவீட்டில் பெஞ்சின் மேல் கிடந்தாள். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தது. அண்ணன் சுடலைமணி திருப்பூரிலிருந்து பஸ் ஏறிவிட்டான். அவன் வந்ததும் எடுப்பதாக ஏற்பாடு. அப்பா வெளியே ஆண்களோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்த பெண்கள் ஒவ்வொருவரும் கலையரசியைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திவிட்டு, ஒன்றையே கேட்டார்கள்.

“கடைசியா ஒங்கம்மா என்ன சொன்னா தாயி?”

கலையரசி தலையைக் குனிந்துகொண்டாள். மற்ற வீட்டுச் சாவுகளில் இந்தக் கேள்விக்கு வரும் பதில்களை அவள் கேட்டிருக்கிறாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள், மகன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள், முருகா என்றாள். டிவியில் ஓடிய படத்தில் அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டாள் என்பதை எப்படிச் சொல்வது? சிரிப்பார்கள். அம்மாவை நினைத்துச் சிரிப்பார்கள்.

அத்தை இசக்கியம்மா, அப்பாவின் அக்கா, வந்ததும் முதல் வேலையாக ஸ்டூலில் இருந்த டிவியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.

“சாவு வீட்ல இது எதுக்கு பல்லக் காட்டிட்டு நிக்கி.”

பிறகு உட்கார்ந்து ஒப்பாரியை எடுத்தாள். அவள் குரல் ஆற்றுக்கு அக்கரை வரை கேட்கும் என்பார்கள். ஒரு பாட்டு முடிந்து வெற்றிலையை வாயில் போட்டவள், கலையரசியைப் பார்த்தாள்.

“பெத்த தாய்க்கு நாலு சொல்லு சொல்லி அழ மாட்டியா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கே, மருமவளே?”

“அவளா சொல்ல மாட்டா? நாங்கல்லாம் கேட்டிருக்கோம்க்கா” என்றாள் பக்கத்து வீட்டு மாரித்தாய்.

“என்னத்தக் கேட்டிய?”

“படம்.”

அத்தை முகவாயில் கையை வைத்துக்கொண்டாள்.

சர்க்கரை வியாதியில் அம்மாவுக்குப் பார்வை போய்விட்ட வருடம் கலையரசி எட்டாவதோடு நின்று, பீடி இலை வெட்ட உட்கார்ந்தாள். கண் போன பிறகும் அம்மாவின் விரல்களுக்குப் பீடி மறக்கவில்லை. தெருவுக்குக் கேபிள் வந்தபோது, “நீ பாத்துச் சொல்லுட்டி, நான் சுத்துதேன்” என்றாள்.

சண்டைப் படம் என்றால் கலையரசிக்குச் சலிப்பு. “அடிக்கான்மா. இன்னும் அடிக்கான். விழுந்துட்டான். எந்திச்சுட்டான்.” “போதும்ட்டி, எனக்கு மேலு வலிக்கி” என்பாள் அம்மா. பேய்ப் படத்தில் பேயைவிட, அது வருவதற்கு முன்னால் அசைகிற கதவுதான் பெரிது என்று கலையரசி தானாகவே கண்டுபிடித்தாள். கதவைப் பற்றிப் பைய, நிறுத்தி நிறுத்திச் சொன்னால் அம்மாவின் விரல்கள் நின்றுவிடும். சிரிப்புப் படம்தான் கஷ்டம். வழுக்கி விழுந்தவனைப் பார்த்தால் சிரிப்பு வரும். வாயால் சொன்னால் பாவமாகிவிடும். பாட்டு வந்தால் அம்மாவே கேட்பாள்.

“சேலை என்ன கலரு?”

அது கறுப்பு வெள்ளை டிவி என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

“கிளிப்பச்சைம்மா. மாம்பழக் கலர் கரை.”

“அப்படிப் போடு.”

இங்கிலீஷ் படங்களுக்கு வசனமும் அவளுடையதுதான். ஆனால் முடிவை மட்டும் ஒருநாளும் மாற்றியதில்லை. அம்மா எவ்வளவு கெஞ்சினாலும் செத்தவன் செத்தவன்தான். அதில் அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது.

மாரித்தாயும் மற்றவர்களும் பீடித்தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார ஆரம்பித்தபோது அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர்களுக்கு முதுகைக் காட்டி அம்மாவின் காதுக்கு மட்டும் சொன்னாள். அவர்கள் நெருங்கி உட்கார்ந்துகொண்டார்கள். பீடிக்கடையில் கட்டுகளைப் போடும்போது அம்மா கணக்கரிடம் சொல்வாள்: “எம்மவ சொன்னா, கண்ணை மூடிக்கிட்டே படம் பாக்கலாம் அண்ணாச்சி.” கலையரசி கடையின் தட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள்.

“மவளப் பத்தி அவளுக்கு என்ன ஒரு பெருமை” என்றாள் மாரித்தாய் இப்போது.

“பள்ளிக்கூடத்த விட்டுட்டு இலை வெட்டுதவளுக்குப் பெருமை ஒரு கேடா?” அத்தை வெற்றிலையை ஒதுக்கினாள். “சரி, கடைசியா ஒங்கம்மா என்னதாம்ட்டி சொன்னா? அதையாவது வாயத் தொறந்து சொல்லு.”

கலையரசி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“பொறவு என்னட்டி ஆச்சுன்னு கேட்டா.”

வாசல் பக்கம் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். அத்தை பதிலுக்கு வாயெடுப்பதற்குள் கலையரசி எல்லோருக்கும் முதுகைக் காட்டி, பெஞ்சின் மேல் குனிந்து, அம்மாவின் காதருகே போயிருந்தாள்.

“தபால்காரன் பனியில நடக்கான்னு சொன்னம்லா, அங்கனதான் விட்டேன். குதிரையப் பிடிச்சுக்கிட்டே நடக்கான். பனி மழை மாதிரி இல்லம்மா, சத்தமே இல்லாம விழுது. ஒதறின பஞ்சு மாதிரி. அவன் மீசையெல்லாம் வெள்ளை. தூரத்துல ஒரு வெளக்கு தெரியுது. அவன் ஊருதான். குதிரைகிட்ட என்னமோ சொல்லுதான். ‘வந்துட்டோம்லே’ன்னு சொல்லுதான்.”

குரல் மெதுவாகத்தான் வந்தது. வீட்டின் சத்தம் அதற்கும் கீழே இறங்கிவிட்டது.

“தபால் பையக் கழட்டி குதிரை மேல கட்டுதான். வெரலு மடங்கல. பல்லால இழுத்துக் கட்டுதான். கட்டிட்டு அதும் முதுகுல ஒரு தட்டு தட்டுதான். பொறவு அங்கனயே உக்காருதான்.”

“எந்திச்சுருவாம்லா?” என்றாள் மாரித்தாய்.

“எந்திக்கல.”

“நல்லாப் பாத்தியாட்டி?” அது அத்தையின் குரல்.

“நல்லாப் பாத்தேன்” என்றாள் கலையரசி, திரும்பாமல். “குதிரை மட்டும் வருதும்மா. பையோட வந்து தெருவுல நிக்கி. ஆளுக ஓடி வாராவ. அவங்கவங்க காயிதத்த எடுத்து வெளக்குக்கிட்ட வச்சு வாசிக்காவ. ஒருத்தரும் பேசல. அவன் பொண்டாட்டி குதிரைக்குத் தண்ணி காட்டுதா. அது குடிச்சு முடிக்க வரைக்கும் அதும் கழுத்துல கைய வச்சுக்கிட்டு நிக்கா.”

கொஞ்சம் நிறுத்தினாள்.

“அவ நீலக் கலரு உடுத்திருக்கா. அவ்ளோதாம்மா. எழுத்து ஓடுது.”

நிமிர்ந்தாள். அத்தை அடுத்த பாட்டை எடுக்கவில்லை. அண்ணன் வாசலில் வந்து அலறிய பிறகுதான் பெண்கள் அசைந்தார்கள்.

எடுத்தார்கள். ஆண்கள் போனார்கள். வீட்டைக் கழுவிவிட்டுப் பெண்கள் ஆற்றில் முங்கிவிட்டு வந்தார்கள். அம்மா கிடந்த இடத்தில் விளக்கு வைத்தாயிற்று. கலையரசி ஈரத்தலையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போவதில்லை.

அத்தைக்கு வீட்டில் மாடு கறக்க ஆள் இல்லை. நாளை, சாம்பல் அள்ளும் காடாத்துச் சடங்குக்கு வந்துகொள்ளலாம் என்று அவளும் பையை எடுத்தாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். பையைக் கீழே வைத்தாள். இரண்டு கையாலும் டிவியைப் பிடித்து, பைய, வீட்டைப் பார்க்கத் திருப்பினாள். ஸ்டூலில் நேராக இருக்கிறதா என்று ஒருமுறை தள்ளி நின்று பார்த்தாள். ஈர முந்தானையைப் பிழிந்து அதன் கண்ணாடியைத் துடைத்தாள்.

பிறகு பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.