பிரேக் இல்லாத பக்கம்

ஜீப்பின் இடது கதவைத் திறந்து உள்ளே தலையை விட்ட இடிரிஸ் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. எங்கள் கிளப்பின் ஜீப் போட்டிக்கு முன்னால் ஒவ்வொரு வண்டியையும் சோதிப்பது அவன் வேலை. பாட்டரி இறுக்கிக் கட்டியிருக்கிறதா, இழுக்கும் கொக்கி உறுதியாக இருக்கிறதா, உள்ளே உருண்டு விழுகிற சாமான் ஏதாவது கிடக்கிறதா என்று பார்ப்பான். மார்ச் மாதத்து மழை அவன் முதுகில் பெய்துகொண்டிருந்தது.

"நெஸ்டா, இது என்ன?"

"முட்டை."

"முட்டைன்னு எனக்கும் தெரியுது. கால் வைக்கிற எடத்துல எதுக்கு?"

"உருண்டு விழற சாமான்தான கூடாது? டேப் போட்டு ஒட்டியிருக்கேன். இழுத்துப் பாரு."

இழுத்துப் பார்த்தான். அட்டைப்பெட்டி அசையவில்லை. உள்ளே இருந்த ஆறும் என் கோழிகள் இட்டவை. காலையில், விற்பதற்காக நான் வாசலில் வைக்கும் பெட்டியிலிருந்து அவள் எடுத்துக்கொண்டு போனதை நானே பார்த்தேன். காலை உணவுக்கு என்றுதான் நினைத்தேன்.

"இந்தப் பக்கம் யாரு உக்காரப் போறது?"

நெஸ்டா முகவாயால் காட்டினாள். கல்சுவர் ஓரமாக, கடை வாசம் போகாத புது ரப்பர் பூட்ஸில், அவள் அப்பா எமிர் நின்றிருந்தார்.

"அவரோட வலது கால் சரியா அந்த எடத்துக்குத்தான் போகும். போனா முட்டை உடையும். உடைஞ்சா எறங்கி நடந்தே வீட்டுக்குப் போயிடணும். பேசி முடிச்சாச்சு."

இடிரிஸ் என்னைப் பார்த்தான், நான் வானத்தைப் பார்த்தேன். "விதியில முட்டை பத்தி ஒண்ணும் இல்ல," என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனான்.

எமிர் எங்கள் ஊரின் டிரைவிங் வாத்தியார். அவருடைய காரில் அவர் உட்காரும் இடது பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. முப்பது வருஷமாக அதன்மேல் வலது காலை வைத்துக்கொண்டேதான் அந்த மனிதர் ஊரைப் பார்த்திருக்கிறார். அன்று எங்கள் மலைச்சரிவில் கூடியிருந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். நானும்தான். வயலில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவள், லைசென்ஸ் எடுக்க அவரிடம் போனேன். என் வாழ்க்கையில் என்னை அதிகம் அதட்டிய ஆண் என் கணவர் அல்ல, எமிர்தான். 'கண்ணாடி பாத்தியா?' என்று அவர் கேட்ட கேள்வியில், இன்றைக்கும் ஆட்டுப் பட்டிக்குள் நடந்து போகும்போதுகூடத் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

நெஸ்டா அவருடைய ஒரே மகள். பதினேழு வயதில் அவளுக்கும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். ஒரு சந்தை நாளில், மணிக்கூண்டு ரவுண்டானாவில் அவள் ஒழுங்காகத்தான் திரும்பிக்கொண்டிருந்தாள். இவர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்துவிட்டார். வண்டி நடுவில் நின்றது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். கறிக்கடை வாசலில் அவள் வகுப்புப் பையன்கள் நின்று சிரித்தார்கள். அவள் ஹேண்ட்பிரேக்கைப் போட்டாள், இறங்கினாள், கதவைக்கூடச் சாத்தாமல் வீட்டுக்கு நடந்துவிட்டாள். பிறகு பக்கத்து ஊர் வாத்தியாரிடம் படித்து முதல் தடவையிலேயே தேறினாள். அன்றிலிருந்து அவள் ஓட்டும் வண்டியில் அவர் ஏறியதே இல்லை. சண்டை என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஒரே மேஜையில் சாப்பிடுவார்கள், சேர்ந்து ரக்பி பார்ப்பார்கள். ஆனால் சித்தி மகள் கல்யாணத்துக்கு ஒரே வீட்டிலிருந்து இரண்டு கார் போயிற்று. நெஸ்டாவின் அம்மா போகும்போது மகளோடும் வரும்போது புருஷனோடும் ஏறி இரண்டு பேரையும் சமாதானப்படுத்தினாள்.

இப்போது நெஸ்டாவுக்கு வடக்கே நடுக்கடலில் இருக்கும் ஷெட்லாந்துத் தீவில் வேலை கிடைத்திருக்கிறது. படகு இன்ஜின் பழுது பார்க்கிற வேலை. அடுத்த மாதம் தன் ஜீப்பை அபெர்டீன் துறைமுகம் வரை ஓட்டிக்கொண்டு போய்க் கப்பலில் ஏற்ற வேண்டும். அந்தக் கிழட்டு ஜீப் போகிற வேகத்துக்கு இரண்டு நாள் ஆகும். துணைக்கு வருவதாக இருந்த தோழி காலை உடைத்துக்கொண்டாள். தனியாகவே போகிறேன் என்று நெஸ்டா சொல்லிவிட்டாள். அப்பாவைக் கேட்கவில்லை.

அடுத்த வாரமே எமிர் வந்து கிளப்பில் சேர்ந்தார். கரடு முரடான நிலத்தில் வண்டி ஓட்டிப் பழகும் ஆசை திடீரென்று வந்துவிட்டதாம். யார் நம்பினார்கள்? ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. கறிக்கடை க்விலிம் மட்டும் கூட்டத்தில் எழுந்து, "வாத்தியாரோட பள்ளிக்கூடக் காரு சேத்துல எறங்கினா முங்கிப் போயிடும். நெஸ்டா ஜீப்லயே ரெண்டு பேரும் மாறி மாறி ஓட்டட்டும்," என்று போட்டு உடைத்தான். எங்கள் கிளப்பில் அது வழக்கம்தான். ஒரே வண்டி, இரண்டு பேர். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பக்கத்தில் உட்கார வேண்டும். எல்லோரும் கை தட்டினார்கள். நெஸ்டாவுக்கு முடியாது என்று சொல்ல வழியில்லாமல் போயிற்று. அதற்கு அவள் போட்ட நிபந்தனைதான் முட்டை.

போட்டி என்றால் பந்தயம் இல்லை, வேகத்துக்கு அங்கே வேலையே கிடையாது. சரிவில் ஜோடி ஜோடியாகக் கம்பு நட்டு, பாதைக்குப் பத்து வாசல்கள் வைத்திருப்போம். மேலே ஏறி, ஓடையில் இறங்கி, எல்லா வாசலிலும் நுழைந்து வெளியே வந்தால் பூஜ்யம். நடுவில் வண்டி நின்றுவிட்டாலோ கம்பைத் தொட்டாலோ மீதி இருக்கிற வாசல்கள் உன் கணக்கில் ஏறும். மாலையில் யார் கணக்கு குறைவோ அவர் ஜெயித்தவர். அன்று நெஸ்டா இருந்த குழுவுக்கு நான்தான் நடுவர்.

முதல் பாதையில் நெஸ்டா ஓட்டினாள். ஓடைக் கரையில் ஜீப் மூக்குக் குப்புறச் சாய்ந்தபோது நான் எமிரைத்தான் பார்த்தேன். இரண்டு முழங்கால்களையும் கையால் கட்டிப்பிடித்து மார்போடு சேர்த்துக்கொண்டிருந்தார். பல்லைக் கடித்திருந்தார்.

"வாத்தியாரே, அவசரமா எங்கயாச்சும் போகணுமா?" என்று க்விலிம் கத்தினான்.

பாதை முடிந்ததும் நெஸ்டா குனிந்து பெட்டியைத் திறந்து பார்த்தாள். மூடினாள். அடுத்த பாதை, அதற்கடுத்த பாதை, ஒவ்வொன்றுக்கும் அதே சோதனை. முட்டைகள் அப்படியே இருந்தன. எமிரின் முகத்தில்தான் இரத்தம் இல்லை.

அவர் ஓட்டியபோது கதை வேறு. ஏற்றத்தில் குறையே சொல்ல முடியாது, பக்குவமாக ஏறினார். இறக்கம் வந்ததும்தான் தொல்லை. ஈரப் புல்லில் இறங்கும்போது பிரேக்கைத் தொடக் கூடாது. தொட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், வண்டி சறுக்கிக்கொண்டு தன் இஷ்டத்துக்குப் போகும். கியரைக் குறைத்து வைத்து, இரண்டு காலையும் எடுத்துவிட வேண்டும். இன்ஜின் தானே பிடித்துப் பிடித்து இறக்கும். இதைச் சொல்வது எளிது. முன் கண்ணாடி நிறைய பள்ளம் தெரியும்போது காலைச் சும்மா வைத்திருக்க நெஞ்சுரம் வேண்டும். மேலே நின்றிருந்த எனக்கு ஜீப்பின் முதுகு தெரிந்தது. சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. வண்டி பக்கவாட்டில் சறுக்கி, இரண்டு கம்புகளை முறித்துக்கொண்டு போய் முட்புதரில் சாய்ந்து நின்றது.

இத்தனை வருஷப் பாக்கியை ஊர் அன்று வட்டியோடு தீர்த்துக்கொண்டது.

"வாத்தியாரே, கண்ணாடி பாத்தீங்களா?"

"சிக்னல் போடாம புதருக்குள்ள போலாமா சார்?"

"பரவால்ல, அடுத்த மாசம் மறுபடி டெஸ்டுக்கு வாங்க!" இது க்விலிம். அவன் நாலு தடவை தோற்றவன்.

எமிர் சிரித்துக்கொண்டேதான் இறங்கினார். நெஸ்டா சிரிக்கவில்லை.

"கால எடுக்கணும்ப்பா."

"எடுத்துட்டேனே."

"எடுக்கல. மெனா அத்தைய கேளு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நடுவர் என்ன செய்ய முடியும்? "லைட் எரிஞ்சுது எமிர்," என்றேன்.

மதியம் எல்லோரும் பன்றிக்கறி வைத்த பன்னும் தேநீருமாக நின்று பேசிக்கொண்டிருந்தபோது, எமிர் மட்டும் என் டிரெய்லர் பலகையில் வந்து உட்கார்ந்தார். கையில் பன் ஆறிக்கொண்டிருந்தது.

"அவ பக்கத்துல உக்காரும்போது எப்படியோ சமாளிக்கிறேன் மெனா. முட்டை இருக்கு, பயமா இருக்கு. என் காலுக்குக் கீழ நிஜமாவே பிரேக் இருக்கும்போது முடியல."

"நேரா கேட்டுடுங்களேன். அபெர்டீனுக்கு நானும் வரேன்னு."

"கேட்டா சரிம்பா. நல்ல பொண்ணு. அப்புறம் ரெண்டு நாளும் அவ ரோட்டப் பாக்க மாட்டா, என் காலத்தான் பாத்துட்டு வருவா." பன்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவளாக் கேக்கணும். கேக்கலைன்னா பரவால்ல. ஒரு ஞாயித்துக்கிழமயாவது அவகூட உக்காந்து வந்தேன்ல?"

பரவாயில்லை என்று அவர் வாய்தான் சொன்னது. எனக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஊரில் எத்தனை பேர் உயிரை அந்தக் கால் காப்பாற்றியிருக்கும். என்னையே பால் வண்டியின் அடியில் போகாமல் ஒரு தடவை நிறுத்தியிருக்கிறது. நன்றி சொன்னதாக நினைவில்லை, அன்றும் சொல்லத் தோன்றவில்லை. "சாப்பிடுங்க, ஆறுது," என்றேன்.

கடைசிப் பாதை எங்கள் பெரிய சரிவு. ஆடுகளே யோசித்துத்தான் இறங்கும். கீழே கடைசி வாசலருகே நான் நின்றுகொண்டேன். முதலில் நெஸ்டா ஓட்டினாள். பாதி இறக்கத்தில் ஒரு பாறையில் ஏறிய முன் சக்கரம் அந்தரத்தில் சுற்றியது, ஜீப் ஒருக்களித்தது. எமிரின் முழங்கால்கள் முன் கண்ணாடி வழியே தெரிந்தன. அவை இறங்கவே இல்லை. கண்ணை இறுக மூடியிருந்தார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது, ஆனால் முடிந்தது. நெஸ்டா ஒரு கம்பையும் தொடாமல் வெளியே வந்தாள். குனிந்து பெட்டியைத் திறந்து பார்த்தாள். இந்தத் தடவை மூடுவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள்.

ஜீப் மறுபடி மேலே போயிற்று. இடம் மாறிக்கொண்டார்கள். நெஸ்டா இடது பக்கத்தில், பெட்டியைத் தாண்டி ஓரமாகக் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஓட்டும் இடத்தில் எமிர். அவர் உச்சிக்கு வந்ததும் கூட்டத்தில் பேச்சு நின்றது. க்விலிம்கூட வாயை மூடிக்கொண்டான்.

மூக்கு கீழே சாய்ந்தது. இன்ஜின் முனகியது. முதல் வாசல், இரண்டாவது வாசல். வண்டி நடக்கிற ஆள் போல இறங்கியது. பாறைக்குச் சற்று மேலே, காலையிலிருந்து எல்லா வண்டியும் மிதித்துச் சேறாக்கிய இடத்தில், பின்பக்கம் மெல்ல விலகத் தொடங்கியது. இப்போது மிதிப்பார், போச்சு என்று நினைத்தேன். எமிர் வாயைப் பிளந்துகொண்டிருந்தார், ஆனால் கண் திறந்திருந்தது. ஸ்டீயரிங்குக்கு இரண்டு பக்கமும் அவர் முழங்கால்கள் உயர்ந்து நின்றன. இரண்டு காலையும் சீட்டின் விளிம்பு வரை தூக்கிவிட்டார்! பக்கத்தில் நெஸ்டாவின் தோள் ஒரு குலுங்கு குலுங்கிப் பின்னால் போய் சீட்டில் மோதியது. விலகிய பின்பக்கம் ஒரு கல்லில் தட்டி நின்று, தானாக நேரானது. பாறையைத் தாண்டியது. கம்பு எதுவும் ஆடவில்லை. கடைசி வாசலில் நுழைந்து என்னைக் கடந்து, சமதரையில் போய், மெதுவாக, ஒழுங்காக நின்றது.

"பூஜ்யம்!" என்று கத்தினேன். குரல் உடைந்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது. மேலே எல்லா ஹாரன்களும் ஒன்றாக அலறின. க்விலிம் சரிவில் சறுக்கிக்கொண்டே ஓடிவந்து, "பாஸ் சார்! பாஸ் பண்ணிட்டீங்க!" என்று எமிரை வெளியே இழுத்துக் கட்டிக்கொண்டான்.

நெஸ்டாவின் பக்கத்துக் கதவு மட்டும் திறக்கவில்லை.

அடிபட்டுவிட்டதோ என்று ஓடிப்போய்த் திறந்தேன். அவள் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது பூட்ஸ் பெட்டிக்குள் கணுக்கால் வரை இறங்கியிருந்தது. மஞ்சள் கரு அட்டையிலிருந்து வழிந்து தரை முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. ஆறில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

என் தோளுக்குப் பின்னாலிருந்து எமிரும் எட்டிப் பார்த்தார். வாத்தியாருக்கு எதையாவது சொல்ல இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அவரோ பின்னால் போய் ஒரு பழைய துணியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார், சேற்றில் மண்டியிட்டார், துடைக்க ஆரம்பித்தார். நெஸ்டா இறங்கி, ஒற்றைக் காலில் என்னைப் பிடித்துக்கொண்டு நின்று, பூட்ஸைப் புல்லில் தேய்த்தாள்.

"அத்தே, உங்க வாசல் பெட்டில இன்னும் முட்டை இருக்கா?"

"இருக்கு. ஆறு போதுமா?"

அவள் அப்பாவின் குனிந்த முதுகைப் பார்த்தாள். முகம் அழுகிறதா சிரிக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஆளுக்கு ஆறு வேணும். அபெர்டீனுக்கு ரெண்டு நாளாகும்."

எமிரின் கை நின்றது. அவர் திரும்பவில்லை. ஏற்கெனவே பளபளவென்று சுத்தமாகியிருந்த அதே இடத்தை மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.