இல்லத்தரசனின் ஞாபகம்

பழைய கம்ப்யூட்டர் சேர்க்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, சாமானைக் கண்டதும் கண்கலங்குகிறவர்கள். இரண்டாவது வகையில் வாங்காதேயார் ஒருவர்தான் இருக்கிறார்.

வார இதழ் ஒன்றில் புதிய சாதனங்களுக்கு விமர்சனம் எழுதிப் பிழைத்தவர் அவர். எதைப் பற்றி எழுதினாலும் கடைசி வரி ‘வாங்காதீர்கள்’ என்றுதான் முடியும். வாசகர்கள் அந்த வரியை உறுதிப்படுத்திக்கொண்டு, பிறகு மேலே போய் என்ன வசவு என்று பார்ப்பார்கள். சொந்தபந்தம் அவருக்கு ‘வாங்காதே’ என்றே பெயர் வைத்துவிட்டது. தலை நரைத்ததும் மரியாதைக்கு ஒரு ‘யார்’ வந்து ஒட்டிக்கொண்டது. காலப்போக்கில் இதழ் படுத்தது. விமர்சனத்துக்கு வந்த சாமான்களைத் திருப்பிக் கேட்க அவற்றைச் செய்த நிறுவனங்களும் உயிரோடு இல்லை. எல்லாவற்றையும் வீட்டின் முன்னறையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு அட்டை எழுதி வைத்து, அதற்கு அருங்காட்சியகம் என்று பெயரிட்டார். அவர் மனைவி அதைக் குடோன் என்பார்.

அட்டைகளைப் படிப்பதற்கே ஆட்கள் வருவதுண்டு. முகம் தெரியும் தொலைபேசிக்கு: ‘எதிர்முனையிலும் இதே தொலைபேசி இருந்தால்தான் முகம் தெரியும். எதிர்முனையில் ஒருவரும் வாங்கவில்லை.’ கால்குலேட்டர் வைத்த கைக்கடிகாரத்துக்கு: ‘பொத்தானை அமுக்க ஊசி வேண்டும். ஊசியை எடுத்து வருவதற்குள் கணக்கு மறந்துவிடும்.’ குரலைக் கேட்டு டயல் செய்யும் பெட்டிக்கு: ‘அம்மா என்றால் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடும். அம்மாவைத் தெரிந்தவர்கள் இதைக் குறையாகச் சொல்ல மாட்டார்கள்.’ கேசட்டில் விளையாட்டு ஏற்றும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு: ‘விளையாட்டு ஏறி முடிவதற்குள் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள்.’

ஞாயிற்றுக்கிழமைகளில் பழங்கணினி ஆர்வலர் சங்கத்தார் வருவார்கள். செயலாளர் எதைத் தொட்டாலும் குரல் கம்மும். வாங்காதேயார் அவருக்கு வைத்திருந்த பெயர் கண்ணீர்.

“அந்தக் காலம் மாதிரி வருமா சார்” என்பார் கண்ணீர், ஒரு பழைய கீபோர்டைக் கன்றுக்குட்டி மாதிரி தடவிக்கொடுத்து.

“அந்தக் காலத்துலயும் இது வேலை செய்யல. கையை எடுங்க, அழுக்காகுது.”

இப்படி உலகத்தையே எள்ளி நகையாடிக்கொண்டிருந்தவருக்கு ஒரு சனிக்கிழமை காலை டீ புரையேறியது. காரணம் மனைவி சொன்ன ஒரே ஒரு வாக்கியம்.

“தம்பி இன்னைக்கு மத்தியானம் வரான். இல்லத்தரசனை எடுத்துட்டுப் போகப் போறானாம்.”

இல்லத்தரசன் யார் என்று இங்கே சொல்லியாக வேண்டும். புத்தகம் அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர். இரண்டு வரி மட்டும் தெரியும் திரை. எறும்புகளுக்கென்று செய்த மாதிரி பொத்தான்கள். வெளிநாட்டிலிருந்து வந்த அந்தப் பெட்டிக்குள், மளிகை, பிறந்தநாள், கேஸ் தீரும் தேதி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் ஒரு ப்ரோகிராமை எழுதி ஏற்றி, ‘இல்லத்தரசன்’ என்று பெயரிட்டுச் சந்தைக்கு விட்டவர் வாங்காதேயாரின் மைத்துனர். மனைவியின் ஒரே தம்பி. சொந்த மாமா எழுதப்போகும் விமர்சனம்தானே என்று நம்பி முதல் பெட்டியை இவரிடம்தான் கொடுத்தார். வாங்காதேயார் வாரக்கணக்கில் அதை உருட்டிப் பார்த்துவிட்டு எழுதினார்: ‘குடும்பத்துக்கு ஒரு முட்டாள் போதும். இரண்டாவதைக் கடையில் வாங்காதீர்கள்.’

சந்தை அந்த ஆலோசனையை அப்படியே ஏற்றுக்கொண்டது. மைத்துனர் அதற்குப் பிறகு இந்த வீட்டுப் படி ஏறவில்லை. கல்யாணம் காட்சிகளில் பார்த்தாலும், அக்காவிடம் பேசிவிட்டு மாமா நிற்கும் இடத்தில் ஏதோ தூண் நிற்பது போலக் கடந்துபோவார்.

இப்போது சங்கத்தார் கண்காட்சி வைக்கிறார்கள். இல்லத்தரசனை ஓட்டிக் காட்ட மைத்துனரையே அழைத்திருக்கிறார்கள். அவரிடம் ப்ரோகிராம் பதிந்திருந்த கேசட் எல்லாம் பூஞ்சை பிடித்துப் போயிற்று. ப்ரோகிராம் உயிரோடு இருக்கும் பெட்டி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: விமர்சனத்துக்கு வந்து அக்காவிடமே தங்கிவிட்டது.

“அவன் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்” என்றார் மனைவி. “இந்த வாட்டியும் வாசல்லயே நின்னுட்டுப் போனான்னா, உங்க குடோனைப் பழைய இரும்புக்காரன் தராசுல ஏத்திடுவேன். சொல்லிட்டேன்.”

வாங்காதேயார் தலையாட்டினார். தொண்டைக்குள் டீ இன்னும் வழி தேடிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். அருங்காட்சியகத்துக்குள் எது நுழைந்தாலும் முதல் வேலையாக அதன் பேட்டரியைக் கழற்றிவிடுவது அவருடைய சட்டம். பழைய பேட்டரி ஒழுகும். ஒழுகினால் சர்க்யூட் போர்டை அரித்துத் தின்றுவிடும். ‘பேட்டரியோட சாமானை அலமாரியில வைக்கிறவன் கொலைகாரன்’ என்று சங்கக் கூட்டத்தில் மேசையைத் தட்டிப் பேசியிருக்கிறார். சமையலறைக்குப் பெயின்ட் அடித்தபோது மனைவி இல்லத்தரசனைக் கொண்டுவந்து, “பத்திரமா வைங்க” என்று கொடுத்தார். இவர் பத்திரமாக வைத்தார். பெரிய பேட்டரிகளை எடுத்தார். உள்ளே ஒளிந்திருந்த சின்ன வாட்ச் பேட்டரியையும் எடுத்தார். பஞ்சில் வினிகர் தொட்டு இடுக்கெல்லாம் துடைத்தார். அந்தப் பெட்டிக்கோ இரண்டு பேட்டரியில் ஒன்றாவது உள்ளே இருக்கும் வரைதான் ஞாபகம். இரண்டையும் எடுத்தால் பிறந்த குழந்தை. இது தெரியாமல் செய்தார் என்றும் சொல்ல முடியாது. ‘ஞாபகசக்தியைப் பேட்டரியிடம் அடகு வைத்த அறிவாளி’ என்று விமர்சனத்தில் எழுதியவரே அவர்தான். எழுதியவருக்கு மறந்துபோயிற்று, அவருக்குப் பேட்டரி தீர்ந்திருந்தது போலும்.

மனைவியோ இத்தனை வருஷமும் தம்பி சொன்னபடி, முதலில் பெரியதை மாற்றி, வேறொரு நாள் சின்னதை மாற்றி, அதன் உயிர் ஒரு தடவைகூடப் போகாமல் பார்த்துக்கொண்டவர்.

வேறு வழியில்லாமல் கண்ணீருக்குப் போன் போட்டார்.

“இல்லத்தரசன் காப்பி யார்கிட்டயாவது இருக்குமா?”

“உங்ககிட்டதான் இருக்குன்னாங்களே சார்.”

“இருந்துச்சு. பேட்டரியைக் கழட்டினேன்.”

மறுமுனையில் மூச்சு விட்டுவிட்டு வந்தது. வழக்கம்போல் அழுகிறார் என்றுதான் நினைத்தார். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். வாங்காதேயார் போனை வைத்தார். இப்படிப்பட்ட ஆட்கள் இருக்கும் வரை எந்தத் தொழில்நுட்பமும் உருப்படாது என்று தோன்றியது.

மைத்துனர் சொன்ன நேரத்துக்கு வந்தார். அவரும் நரைத்திருந்தார். செருப்பைக் கழற்றினாலும், உடனே மாட்டிக்கொண்டு கிளம்ப வசதியாக, முனை தெருவைப் பார்க்கும்படி கழற்றினார்.

“உக்காருடா.”

“இல்லக்கா, எடுத்துட்டுக் கிளம்பறேன். வேலை கிடக்கு.”

வாங்காதேயார் பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். புதுப் பேட்டரி போட்டிருந்தார். சவத்துக்குப் புதுத்துணி போட்ட மாதிரி. மைத்துனர் பொத்தானை அமுக்கினார். வெறும் திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண்சிமிட்டியது. அவர் பின்பக்கம் திருப்பி, மூடியைத் திறந்து, முகர்ந்து பார்த்தார்.

“பேட்டரியை எடுத்தீங்களா மாமா?”

“எடுத்தேன்.”

“ரெண்டையுமா?”

“ரெண்டையும்.”

“வினிகர் வாசனை வருது.”

“சுத்தமா இருக்கட்டுமேன்னு.”

சமையலறை வாசலில் மனைவி கரண்டியோடு நின்றார். கரண்டி நடுங்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

“பேப்பர்ல கொன்னது பத்தல” என்றார் மைத்துனர் மெல்ல. “உங்களைச் சொல்லித் தப்பில்ல மாமா. உங்ககிட்ட கொடுத்துவச்சா எதுதான் உயிரோட இருக்கும். எங்கக்கா எப்படி இருக்கான்னுதான் ஆச்சரியம்.”

பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டுச் செருப்பில் கால் நுழைத்தார். மனைவி சாப்பிடச் சொல்லிக்கூடக் கூப்பிடவில்லை. கூப்பிட்டுப் பயனில்லை என்று அந்த முகத்தில் முடிவாகியிருந்தது. இந்த மனிதர் இனி வரமாட்டார் என்பது வாங்காதேயாருக்கும் தெரிந்தது. மன்னிப்புக் கேட்கலாம், ஆனால் ஆயுள் முழுக்க வசவே எழுதிய வாய்க்கு அந்தச் சொல் வரும் பாதை தெரியவில்லை. தெரிந்ததுதான் வந்தது.

“பிறந்தநாள் லிஸ்ட்ல எட்டாவது பேரைச் சேர்த்தா முதல் பேர் காணாமப் போயிடும்.”

மைத்துனர் திரும்பினார். “என்னது?”

“உன் ப்ரோகிராம்ல. ஏழு பேருக்கு மேல சொந்தம் தாங்காதுன்னு எழுதியிருந்தேன். ஆசிரியர் இடமில்லைன்னு வெட்டிட்டார்.”

“அதெல்லாம் இல்ல. பத்துப் பேர் போகும்.”

“போகாது. உப்புன்னு போட்டா பருப்பும் சேர்ந்து வரும்.”

“அது தப்பில்ல மாமா, வசதி. உப்பு வாங்கப் போறவன் பருப்பை மறந்துடுவான்னு நானே வச்சது.”

“கேஸ் தீருதுன்னு சொல்றதுக்கு மூணு தடவை கத்தும். மூணாவது கத்தல் மட்டும் பாதியில நிக்கும், விக்கல் மாதிரி. அது எந்த வசதி?”

மைத்துனர் ஒரு காலில் செருப்போடு நின்றார். “அதுக்கு மட்டும் ப்ரோகிராம் வேற வரிக்குத் தாவற மாதிரி வச்சிருந்தேன். அங்கதான்…” என்று தொடங்கி, காற்றில் விரலால் ஏதோ எழுதிப் பார்த்தார். “மெனு முதல் பக்கத்துல என்ன வரும்?”

“மளிகை, விசேஷம், கேஸ், இதர. இதரவுல ஒண்ணுமே கிடையாது. அமுக்கினா மறுபடி மளிகைக்கே போகும். அதையும் எழுதியிருந்தேன்.”

வெறுப்பில் ஒரு சௌகரியம் உண்டு. பிடித்த சாமானை யாரும் இத்தனை உன்னிப்பாகப் பார்ப்பதில்லை. அந்தப் ப்ரோகிராமை மூலைமுடுக்கெல்லாம் தடவிப் பார்த்த ஒரே வாசகர், அதை நாறடிப்பதற்காகவே தடவிப் பார்த்தவர்தான். எழுதியவர் மறந்ததெல்லாம் ஏசியவருக்கு வரிசை மாறாமல் இருந்தது.

செருப்பு வாசலுக்குப் போயிற்று. மைத்துனர் நாற்காலிக்கு வந்தார். இவர் தப்பைச் சொல்லச் சொல்ல, அந்தத் தப்பு எந்த வரியால் வந்தது என்று அவருக்கு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. மைத்துனர் வரி வரியாகச் சொல்ல, வாங்காதேயார் பென்சில் முனையால் எறும்புப் பொத்தான்களை அமுக்கி ப்ரோகிராமை மறுபடி ஏற்றினார்.

“கமா போடுங்க மாமா.”

“போட்டாச்சு.”

“அது புள்ளி.”

“இந்தச் சைஸ்ல ரெண்டும் ஒரே குடும்பம்தான். இப்படி ஒரு பெட்டியைத் தேடிக் கண்டுபிடிச்ச பாரு, அதுக்கே உனக்குச் சிலை வைக்கணும்.”

“வைங்க. பேட்டரியை மட்டும் கழட்டிடாதீங்க.”

பிறந்தநாள் பகுதிக்கு வந்ததும் மைத்துனர் தாடையைச் சொறிந்தார். “அந்த ஏழாம் நம்பர் விஷயம். இந்த ஒரு வரியில மாத்தினா சரியாப் போயிடும்.”

“தொடாதே.”

“ஏன்?”

“கண்காட்சிக்குப் போறது வரலாறு. தப்போடதான் பிறந்துச்சு, தப்போடதான் போகணும். இப்பத் திருத்தி வச்சா அது மோசடி.” சங்கக் கூட்டத்துக் குரல் அவரையறியாமல் வந்துவிட்டது. மேசையையும் லேசாகத் தட்டினார்.

தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்த மனைவி, “தப்புன்னு எனக்கும் தெரியும்” என்றார். “முதல் பேரா தம்பி அம்மாவைப் போட்டுக் கொடுத்திருந்தான். அப்புறம் அப்பா, இவன், பசங்க எல்லாம் சேர்த்து ஏழாச்சு. எட்டாவதா உங்களைச் சேர்த்தேன், அம்மா போயிட்டாங்க. அதனால உங்களை எடுத்துட்டு அம்மாவைத் திரும்பப் போட்டேன்.”

“எப்போ?”

“அப்பவே. அதுக்கப்புறம் உங்க பிறந்தநாள் எப்பயாச்சும் எனக்கு ஞாபகம் இருந்திருக்கா?”

வாங்காதேயார் யோசித்துப் பார்த்தார். இருந்ததில்லை. அதை அவர் இத்தனை நாள் மனைவியின் குணம் என்று நினைத்து, தனக்குள் ஒரு அட்டையே எழுதி வைத்திருந்தார்.

மைத்துனர் சிரிப்பை அடக்கவில்லை. “திருத்திடவா மாமா?”

வரலாற்றாசிரியர் பென்சிலை மேசையில் உருட்டினார். ஒரு பக்கம் உண்மை. மறுபக்கம் இரண்டு வரித் திரை ஒன்றில், வருஷத்துக்கு ஒருநாள், தன் பெயர். இவ்வளவு அற்பமான ஒரு பெட்டிக்குள் இடம் கேட்டு நிற்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்தபோது தன்மேலேயே ஏளனமாக வந்தது. இத்தனை வயதில் ‘வாங்குங்கள்’ என்று சொல்கிற இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான் மச்சான்.

“முழுசா வேண்டாம்” என்றார் கடைசியில். “எட்டு வரைக்கும் தாங்கட்டும். ஒன்பதாவது பேரைச் சேர்த்தா முதல் பேர் போகட்டும். தப்பு தப்பாவே இருக்கும், கொஞ்சம் தள்ளி இருக்கும், அவ்வளவுதான்.”

“இதுக்குப் பேர் என்ன வரலாறு மாமா?”

“கமாவா புள்ளியா, அதைச் சொல்லு.”

“கமா. அக்கா, எனக்கும் தட்டு வை. இவர் அமுக்கற வேகத்துக்கு ராத்திரியும் இங்கதான் சாப்பாடு போல.”