மகாராணியின் பன்னிரண்டு நாட்கள்

வருடத்தில் பன்னிரண்டே நாட்கள்தான் அந்தப் பட்டாம்பூச்சி பறக்கும். கோடையின் நடுவில் மலைச்சரிவில் ஒரு முட்புதர் பூக்கும். அது பூத்திருக்கிற வரைக்கும் இதுவும் இருக்கும். சிறகை மூடிக்கொண்டால் வெறும் காய்ந்த சருகு. திறந்தால் உள்ளே அப்படியொரு நீலம் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பதினொரு வருடத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாக நூற்றுப் பன்னிரண்டு வகைப் பட்டாம்பூச்சிகளைப் பார்த்து நோட்டில் எழுதியாகிவிட்டது. இது ஒன்றுதான் பாக்கி. இரண்டு தடவை தேடிப் போனார்கள், இரண்டு தடவையும் தண்ணி காட்டிவிட்டது. முதல் தடவை விடாத மழை. அடுத்த தடவை இரண்டு நாள் பிந்திப் போய், உதிர்ந்து கிடந்த பூவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். இவ்வளவு பிகு பண்ணுகிறதே என்று அவள்தான் அதற்கு மகாராணி என்று பேர் வைத்தாள்.

அவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு, யாருக்கு எந்த ஷிப்ட் என்று முப்பத்தைந்து வருடமாக அட்டவணை போட்டுப் போட்டு, வீட்டையும் டிப்போவாக்கிவிட்டவர். முடிவெட்டிக்கொள்வதற்குக்கூட அவரிடம் அட்டவணை உண்டு. தன்னைக் கேட்காமல் சூரியன் உதிப்பதில் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். வயது ஐம்பத்துநான்கு. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாருக்கும் 'லேப் அக்கா'. ஊசி குத்தினால் வலிக்காது என்று பேர் வாங்கிய கை.

போன திங்கட்கிழமை லேபுக்குப் புது மெஷின் வந்தது. புது மெஷின் வந்தால் முதலில் டெக்னீஷியன் தன் ரத்தத்தையே எடுத்து ஓட்டிப் பார்ப்பது அங்கே ரொம்ப நாளைய வழக்கம். நன்றாக இருக்கிற ஆளின் ரத்தம், சரியான எண்ணைக் காட்டுகிறதா என்று தெரிந்துவிடும். அவளும் முழங்கையில் ரப்பரைக் கட்டிக்கொண்டு, தானே குத்தி எடுத்து ஓட்டினாள். வெள்ளை அணுக்கள் பதினோராயிரத்தைத் தாண்டக்கூடாது. மெஷின் எண்பத்தாறாயிரம் என்றது.

அவளுக்கு வந்ததே கோபம். உடனே கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"என்ன மெஷின்யா கொண்டு வந்து வச்சிருக்கீங்க? உள்ள கழுவினீங்களா இல்லையா?"

மறுநாள் இன்ஜினியர் வந்தார். குழாயெல்லாம் கழற்றி மாட்டி, அரை நாள் மல்லுக்கட்டினார். தன் விரலைக் குத்தி ஓட்டிப் பார்த்தார். ஆறாயிரம். அவளுடையதை மறுபடி ஓட்டினார். எண்பத்தெட்டாயிரம்.

"அக்கா, மெஷின் நல்லாத்தான் இருக்கு" என்றார் மெதுவாக. அந்த மனிதருக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரியாதது அவளுக்குத்தான். அவரை வாங்கு வாங்கென்று வாங்கி, புகாரும் எழுதிக் கையில் கொடுத்து அனுப்பினாள். வேறு யாருடைய ரத்தமாக இருந்தாலும் அந்த நிமிஷமே ஆளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்திருப்பாள். தன்னுடையது என்றதும் மெஷினோடு சண்டைக்கு நின்றாள்.

இன்ஜினியர் போனபிறகு ஒரு சொட்டைக் கண்ணாடியில் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். முப்பது வருடமாகப் பார்க்கிற கண். முதிராத அணுக்கள், பெரிது பெரிதாக, திரும்பின பக்கமெல்லாம் நின்றன. இதை மெஷின் தலையில் கட்ட முடியவில்லை.

புதன்கிழமை லேப் டாக்டரம்மா அந்த ஸ்லைடைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது யாரோடது? உடனே கூப்பிடுங்க."

"கூப்பிட வேண்டாம் டாக்டர். இங்கதான் நிக்கறேன்."

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு அவளை உட்காரவைத்தார். பிறகு பேசியது எல்லாம் அவசரமாக வந்தது. ரத்தப் புற்று. நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். இப்போதே ஆரம்பித்தால் பத்துப் பேரில் மூன்று பேர் தேறுவார்கள்.

"அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை சேர்ந்துக்கறேனே."

"ஏன், அதுக்குள்ள என்ன வேலை?"

"ஒரு பட்டாம்பூச்சி பாக்கணும். அடுத்த வாரம்தான் அது வரும். வியாழக்கிழமை போயிட்டு சனிக்கிழமை வந்துடுவோம்."

"உங்களுக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? இந்த வியாதியில பத்து நாளுங்கறது எவ்வளவுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் டாக்டர். அதனாலதான் கேக்கறேன்."

பத்தில் மூன்று என்றால் ஏழு எங்கே போகிறது என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவள் ஆசைப்பட்டது அந்த நீலத்துக்காக மட்டும் இல்லை. வீட்டில் சொன்ன நொடியிலிருந்து அவர் வேறு ஆளாகிவிடுவார். குரலைத் தாழ்த்துவார், சண்டை போட மாட்டார், கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்குவதுபோல அவளைப் பிடித்து நடத்துவார். அதற்குமுன் இரண்டே நாள், கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து 'நட நட' என்று அதட்டுகிற பழைய மனுஷனோடு அவள் மலை ஏற வேண்டும். மகாராணி வந்தால் சரி, வராவிட்டால் இரண்டு பேருமாகத் திட்டிவிட்டுத் திரும்பலாம். முழங்கையில் குத்திய இடம் கறுத்துப்போய் உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருந்தது. அந்த வெயிலில் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு திரிந்தாள். அவருக்கு வண்டி இரண்டு நிமிஷம் பிந்தினால் தெரியும், இது தெரியவில்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலை அவர் சாப்பாட்டு மேஜையில் பழைய ஷிப்ட் தாளைத் திருப்பிப் போட்டு, நீலப் பென்சிலால் பயணத் திட்டம் எழுதிக்கொண்டிருந்தார். அவள் எதிரே உட்கார்ந்து, கிளம்பும் நேரத்தைச் சொல்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவரோ எழுதியதன் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"இந்த வருஷம் வேண்டாம்."

"என்னது?"

சட்டைப் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துப் பிரித்தார். வனத்துறை ஆபீசில் வாங்கியது. "இதைப் பாரு. அடுத்த கோடையில பன்னண்டு நாளும் உள்ளேயே தங்க அனுமதி தர்றாங்க. நான் அதுக்குள்ள ரிடையர் ஆயிடுவேன், லீவுக்கு எவன் கையையும் காலையும் பிடிக்க வேண்டாம். ஆனா இந்த வருஷம் போனவங்களுக்கு அடுத்த வருஷம் கிடையாதாம். நாளைக்குக் கடைசி நாள்."

"இந்த வருஷமே போயிடலாங்க."

"ரெண்டு நாளை வச்சுக்கிட்டு நாக்கு வழிக்கவா? ரெண்டு நாள்னு போய்த்தானே ரெண்டு தடவையும் ஏமாந்தோம்? பன்னண்டு நாள் உக்காந்தா எங்க போவா அவ?"

"எனக்கு முட்டி வலிக்குது. அடுத்த வருஷம் ஏற முடியாது."

"ஒரு வருஷம் இருக்குல்ல, முட்டிக்கு வைத்தியம் பாத்துக்கலாம்."

"நான் சொல்றதை ஒரு தடவையாவது கேளுங்களேன்!"

குரல் உயர்ந்துவிட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருடக் குடித்தனத்தில் அவள் ஒற்றைக்காலில் நின்ற சந்தர்ப்பங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

"உனக்காகத்தானே சொல்றேன்" என்றார், கொஞ்சம் அடிபட்ட குரலில். "எனக்கு இந்தப் பூச்சியெல்லாம் என்ன தெரியும்? நீ கூட்டிட்டுப் போன, வந்தேன். நீ அந்த நீலத்தைப் பாக்கறதை நான் பாக்கணும், அவ்வளவுதான். ஓடிப்போய் ஓடி வர்றது இல்ல, நிதானமா."

 அவள் சொல்ல வந்ததை மென்று விழுங்கினாள். இவ்வளவு ஆசையாக ஒரு வருடத்தை எடுத்து நீட்டுகிற மனுஷனிடம் அது இல்லை என்று எப்படிச் சொல்வது?

அவள் பேசாமல் இருந்ததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, பேனாவைத் திறந்து படிவத்தை நிரப்ப ஆரம்பித்தார். நிரப்பிக்கொண்டே வாய்விட்டுப் படிப்பது அவர் பழக்கம்.

"நபர்கள், ரெண்டு. நாட்கள், பன்னண்டு. முதல் நபர்… தங்கும் தேதியில வயசா? எனக்கு அம்பத்தொம்பது ஆயிருக்கும். ரெண்டாவது நபர்… ஏம்மா, அடுத்த கோடைக்கு உனக்கு எத்தனை?"

அவள் ரவிக்கைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அம்பத்தஞ்சுதானே?"

"எனக்குப் போடாதீங்க."

"மகாராணிக்குக் கோவமா?" சிரித்தார். "சரி சரி, சொல்லு."

"ஒரு ஆளுன்னு போடுங்க."

சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவர் அவள் முகத்தைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார். அவள் ரவிக்கைக் கையை மேலே சுருட்டிக் காட்டினாள். புது மெஷினிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். லேபில் நோயாளிகளிடம் சொல்கிற அதே பதமான குரலில், அழாமல் சொன்னாள். பத்தில் மூன்றை மட்டும் சொல்லவில்லை.

அவர் அந்தக் கறுப்பின் மேல் விரல் படாமல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"செவ்வாய்க்கிழமையிலேர்ந்து."

"அப்போ இவ்வளவு நேரமா நான் அடுத்த வருஷம் அடுத்த வருஷம்னு…" நூறு டிரைவர்களை அதட்டி வேலை வாங்கிய மனுஷன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவள் எழுந்துபோய் அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"வியாழக்கிழமை போயிட்டு வந்துடலாங்க. ரெண்டே நாள்."

"வியாழனும் கிடையாது, வெள்ளியும் கிடையாது. நாளைக்குக் காலையில முதல் ஆளா ஆஸ்பத்திரியில நிக்கறோம்."

 அவள் கெஞ்சினால் ஒருவேளை இணங்குவார். ஆனால் மலை ஏறும்போது அவளை அதட்ட அந்த ஆள் இனி இல்லை.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். இரண்டாவது நபர் என்கிற கட்டத்தில் ஐம்பத்தைந்து என்று அழுத்தி எழுதினார். தாள் கிழிந்துவிடும்போல இருந்தது.

"போட்டாச்சு. வந்தாகணும்" என்றார், டிரைவருக்கு டியூட்டி போடுகிற குரலில். அந்தக் குரல் பாதியில் உடைந்தது. படிவத்தை அவள் பக்கம் திருப்பினார். "ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணுமாம்."

மேலே அச்சிட்டிருந்ததைப் படித்தாள். மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என்று உறுதி கூறுகிறோம். முப்பது வருடத்தில், தான் நம்பாத ஒரு ரிசல்ட்டுக்கும் அவள் கையெழுத்துப் போட்டதில்லை. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவை வாங்கி, நிதானமாக, முழுப் பேரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.