வலை விழுந்த கால்

குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்ப்பவனுக்குக் கை எப்போதும் ஜில்லென்றுதான் இருக்கும். கையுறையைக் கழற்றி, பேருந்தில் முக்கால் மணி நேரம் வந்து, வீட்டுப் படியேறும்போதும் விரல் நுனியில் அந்தக் குளிர் மிச்சமிருக்கும். மகள் பிறந்த அன்றும் வேலையிலிருந்து நேராகத்தான் ஓடினான். செவிலி நீட்டிய குழந்தையை வாங்கியபோது அதன் இடது கால் அவன் உள்ளங்கையில் பட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொடையிலிருந்து பாதம் வரை ஊதாவும் சிவப்புமாக ஒரு வலை எழும்பியது.

ஏழு மாதமாகியும் அது போகவில்லை. அன்றிலிருந்து அவனும் குழந்தையைத் தூக்கவில்லை. துணி துவைத்தான், பால் புட்டி கழுவினான், கொஞ்சினான்; எல்லாம் ஒரு கை தூரத்தில் நின்றபடி.

தோல் மருத்துவர் பொறுமையாகத்தான் சொன்னார். "பொறக்கும்போதே இருக்கறதுங்க. தோலுக்கு அடியில இருக்கற ரத்தக்குழாய் விரிஞ்சிருக்கு, அதான் வெளிய தெரியுது. ரொம்ப அபூர்வம். குளிர்ல இன்னும் அழுத்தமாத் தெரியும். ஆனா குளிரால வந்தது இல்ல."

குளிரில் கூடுமாம், குளிரால் வரவில்லையாம். எந்த ஊர் நியாயம் இது என்று அவனுக்குப் புரியவில்லை.

"நீ தொட்டா உறைஞ்சு போறதுக்கு அவ என்ன மீன் பெட்டியா?" என்று கிடங்கில் கூட வேலை பார்ப்பவன் சிரித்தான்.

அவன் தனக்குத் தெரிந்ததைச் செய்தான். கிடங்கில் ஓர் அறை கோளாறு செய்தால் மணிக்கு ஒருமுறை வெப்பமானியைப் பார்த்து எழுதிவைப்பார்கள். வீட்டுச் சுவரில் ஒரு வெப்பமானியை மாட்டி, ஒரு நோட்டு போட்டான். நேரம், அறையின் சூடு, காலின் நிறம் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை. பகலில் எழுதுவது மனைவியின் பொறுப்பு.

"நான் பிள்ளைக்குப் பால் குடுக்கவா, உங்க நோட்டுக்கு மார்க் போடவா?" என்று முணுமுணுத்துக்கொண்டே அவளும் எழுதினாள்.

ஒரு மாதம் கழித்து நோட்டைப் புரட்டிப் பார்த்தான். வெந்நீரில் குளிப்பாட்டிய பிறகும் வலை அப்படியே இருந்தது. அறையின் சூட்டுக்கும் நிறத்துக்கும் பெரிய சம்பந்தமே இல்லை. ஆனால் ஞாயிறு தவிர எல்லா நாளும் மாலை ஆறு மணிக்கு நிறம் ஐந்து. அவன் வீடு திரும்பும் நேரம். குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறவனைப் போல நோட்டை மருத்துவரிடம் நீட்டினான்.

அவர் பக்கங்களைப் புரட்டினார். "ஆறு மணிக்கு என்ன நடக்குது?"

"நான் வருவேன்."

"வந்து தூக்குவீங்களா?"

"தொடவே மாட்டேன். கதவுகிட்ட நிப்பேன்."

"அழுவா டாக்டர்," என்றாள் மனைவி. "சாவி சத்தம் கேட்டதும் ரெண்டு கையையும் நீட்டுவா. இவரு ஒரு எட்டு பின்னால போவாரு. அவ்வளவுதான், வீடே ரெண்டாகும்."

"அழுதாலும் இது அழுத்தமாகுங்க," என்றார் மருத்துவர்.

"அப்ப நான்தானே காரணம்?"

"அந்த நேரத்து அழுகைக்கு நீங்க. வலைக்கு நீங்க இல்ல."

"வலைக்கு யாரு?"

"அது எங்களுக்கும் தெரியாது. நிறையப் பிள்ளைங்களுக்கு ஒண்ணு ரெண்டு வருஷத்துல மங்கிடும்."

அவனுக்கு எரிச்சலாக வந்தது. கிடங்கில் சரக்கு கெட்டால் யாருடைய கவனக்குறைவு என்று பதிவேட்டில் ஒரு பெயராவது இருக்கும். இங்கே யாருமே இல்லையென்றால் எப்படி?

பரிசோதனை மேஜையிலிருந்து குழந்தை கைகளை நீட்டியது. மனைவி வேண்டுமென்றே பையைக் குடைந்துகொண்டிருந்தாள். அவன் உள்ளங்கைகளைச் சட்டையில் தேய்த்தான். இன்னொரு முறை தேய்த்தான். பிறகு தூக்கினான். அந்தக் குளிரில் குழந்தை சிலிர்த்தது, கீழுதடு பிதுங்கியது, மணிக்கட்டில் பட்ட கால் ஊதாவாக ஏறியது.

"பாரு, ஏறுது."

"ஏறட்டும். கீழ விட்டுடாதீங்க," என்றாள் மனைவி.

அழுகை வரவில்லை. வலை இப்போது இறங்குகிறதா, இல்லை அறையின் வெளிச்சம்தான் அப்படியா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. குனிந்து பார்க்கலாமென்றால், குழந்தை அவன் சட்டைப் பொத்தானை விடுவதாக இல்லை.