தட்டிவிட்டு அடித்தவன்

வானோடியைக் கொல்வதற்கு அன்று நாள் குறித்திருந்தார்கள்.

முப்பது வருடங்களுக்கும் மேலாகத் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருக்கும் தொடர் அது. விண்கப்பலை ஓட்டுகிறவன் வானோடி. கதையில் அவன் உடம்பு தேய்ந்துபோனால் வேறொரு கிரகத்திலிருந்து புதிய உடம்பு வரும். பழைய உடம்போடு நேருக்கு நேர் மோதி, அதை வீழ்த்திவிட்டு நாற்காலியில் உட்காரும். நடிகரை மாற்றுவதற்காக யாரோ ஒரு கதாசிரியர் கண்டுபிடித்த வழி. ஜனங்களுக்குப் பிடித்துப்போய் அதுவே வழக்கமாகிவிட்டது. இதுவரை வந்த வானோடிகள் எல்லோரும் ஆண்கள். எல்லோரும் சிவந்த மேனி, நெடிய உருவம். அவர்கள் அத்தனை பேருடைய சண்டைகளையும் அமைத்தது ஒரே குடும்பம். முதலில் அப்பா. அவருக்குப் பின் மூத்த மகன். அவரைத்தான் தளத்தில் எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். இன்று சாகப்போகிற வானோடியாக இத்தனை வருடம் நடித்தவன் மாஸ்டரின் கூடப்பிறந்த தம்பி.

புதிதாக வருகிறவள் ஒரு பெண். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரின் மகள். அட்டக் கறுப்பு.

மாஸ்டருக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காததை மென்று விழுங்கும் பழக்கம் அவர் வீட்டில் எவருக்கும் கிடையாது. கூட்டம் போட்டுச் சொன்ன அன்றே எழுந்து நின்று கேட்டுவிட்டார்.

"கதையில ஆயிரம் கிரகம் இருக்கு. அதுல எங்க வேணும்னாலும் இந்தப் பொண்ணு ராணியா இருக்கட்டும். வானோடி நாற்காலின்னா அதுக்குன்னு ஒரு லட்சணம் இருக்குல்ல?"

இயக்குநர் ஒல்லியான மனிதர். ஆனால் நாக்கு மட்டும் நல்ல கனம்.

"மூணு தலை ஜந்து ஒண்ணு போன வருஷம் அதே நாற்காலியில உக்காந்துதே, மாஸ்டர். அப்ப லட்சணத்தைப் பத்தி வாயே திறக்கலையே நீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. "சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். சண்டையை ஒழுங்கா அமைச்சுத் தர்றது என் வேலை. அதுல ஒரு குறையும் இருக்காது" என்று உட்கார்ந்தார்.

தம்பி அன்று ஒன்றும் பேசவில்லை. வீட்டிலும் பேசவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான். அவன் மௌனத்தை வருத்தம் என்று நினைத்துக்கொண்டார் மாஸ்டர். தம்பியின் விஷயத்தில் அவர் கண் எப்போதுமே கொஞ்சம் மங்கல்தான்.

படப்பிடிப்பன்று காலையில் வாசலில் தம்பியின் ரசிகர்கள் கூடிவிட்டார்கள். அந்தப் பெண் வந்த வண்டியின் மேல் கல் விழுந்தது. அவள் தளத்துக்குள் நுழைந்ததும் குனிந்து தலையை உதறினாள். கண்ணாடித் தூள் தரையில் உதிர்ந்தது. காது மடலில் ஒரு கீறல்.

"உங்க தம்பியோட ஆளுங்க பூ போட்டு வரவேற்றாங்க, மாஸ்டர்" என்றாள்.

"மருந்து போட்டுக்கோ" என்றார் அவர். "கூலிக்கு ஆள் பிடிச்சு எறியச் சொல்ற புத்தி எங்க வீட்டுல யாருக்கும் இல்ல."

"உங்களுக்கு இல்லன்னு தெரியும். நீங்கதான் நேராவே எறிவீங்களே."

பக்கத்தில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த மொட்டை வாயைப் பொத்திக்கொண்டான். மாஸ்டரிடம் மூத்த சண்டைக்காரன் அவன். இத்தனை வருடத்தில் அவரிடம் ஒருவரும் இப்படி வாய் கொடுத்து அவன் பார்த்ததில்லை.

மாஸ்டரின் குழுவில் ஒரு சட்டம் உண்டு. அவருடைய அப்பா போட்டது. அடிக்கிறவன் அடிப்பதற்கு முன் எதிராளியின் தோளிலோ இடுப்பிலோ, கேமராவுக்குத் தெரியாதபடி, விரலால் இரண்டு தட்டு தட்ட வேண்டும். 'இந்த அடி பொய், உன் மேல் படாது, நீ பயப்படாமல் சாயலாம்' என்று அதற்கு அர்த்தம். தட்டு வாங்கியவன் கையை உயர்த்தித் தடுக்க மாட்டான். கழுத்தைத் தளர்த்தி முகத்தை அப்படியே கொடுத்துவிடுவான். அந்த நம்பிக்கையில்தான் சண்டை நிஜம்போலத் தெரியும். மற்ற குழுக்களில் பல் போனது, கண் போனது என்று கேள்விப்படுவதெல்லாம் இங்கே கிடையாது. தட்டு என்றைக்காவது பொய்யானால், அடித்தவனின் வீட்டு மூத்தவர் அதே அடியை, அதே இடத்தில், தட்டில்லாமல் வாங்க வேண்டும். அப்பா காலத்தில் ஒரே ஒரு முறை அது நடந்தது. குடித்துவிட்டு வந்த சித்தப்பா, தட்டிவிட்டுச் சண்டைக்காரன் ஒருவனின் முழங்காலை உடைத்தார். அப்பா தன் காலை நீட்டினார். சாகும்வரை அவர் நொண்டித்தான் நடந்தார். அந்த நொண்டலை அவர் ஒருநாளும் மறைக்க முயன்றதில்லை.

தம்பியின் முகம் தெரியும் காட்சிகளை முதலில் எடுத்து முடித்தார்கள். பிறகு பெரிய சண்டை. தம்பியின் முதுகுக்குப் பின்னால் கேமரா. எதிரே அந்தப் பெண்ணின் முகம். அவன் ஓங்கிக் குத்த, அவள் சாய்ந்து, திரும்ப எழுந்து ஒரே குத்தில் அவனை வீழ்த்த வேண்டும். அட்டையும் பலகையுமாய்ச் செய்த கப்பலுக்குள் புகை விட்டார்கள். விளக்குகள் சிவந்தன.

தம்பி நெருங்கினான். அவள் தோளில் இரண்டு தட்டு. மாஸ்டர் தன் கண்ணால் பார்த்தார். அவள் கை தாழ்ந்தது, கழுத்து தளர்ந்தது.

குத்து விழுந்தது. பச்சை மட்டையை முறித்ததுபோல ஒரு சத்தம்.

அவள் பின்பக்கம் பறந்து, மெத்தையைத் தாண்டிப் பலகைச் சுவரில் மோதினாள். சுவர் பிளந்தது. இடது கண்ணுக்குக் கீழே தோல் கிழிந்து தொங்கியது. மூக்கிலிருந்து ரத்தம் குபுகுபுவென்று கொட்டி வெள்ளை உடையை நனைத்தது. அவள் எழுந்திருக்கப் பார்த்தாள், முழங்கால் மடிந்தது, மறுபடி எழுந்தாள். கையில் சிக்கிய இரும்புக் கம்பியோடு வந்தவளை மொட்டையும் இன்னொருவனும் பிடித்துக்கொண்டார்கள்.

"விடுடா! அந்த நாயைக் கொல்லாம விடமாட்டேன். தட்டிட்டுல்ல அடிச்சான்!"

"கை தவறிடுச்சு" என்றான் தம்பி. அவன் குரலில் பதற்றமே இல்லை. "இதுக்குத்தான் அன்னைக்கே அண்ணன் சொன்னாரு. ஒரு அடி தாங்க முடியாத உடம்புக்கு இந்த வேஷம் எதுக்கு?"

இயக்குநரின் முகம் வெளுத்துவிட்டது. "மாஸ்டர், நீங்க சொல்லுங்க. மேல கேப்பாங்க. அவளுக்குச் சண்டை வரலன்னு விபத்து நடந்ததா, இல்ல வேற ஏதாவதா? நீங்க சொல்றதைத்தான் நான் சொல்லணும்."

மாஸ்டர் தம்பியின் அருகில் போய் அவன் வலது கையைப் பிடித்தார். கையுறையை அழுத்திப் பார்த்தார். உள்ளே தைத்திருக்க வேண்டிய பஞ்சு இல்லை. விரல் முட்டிகள் வெறுமனே தட்டுப்பட்டன. கூட ஏதோ கெட்டியாகவும் இருந்தது. கையுறையை உருவினார். முட்டிகளின் மேல் பட்டையான இரும்புத் துண்டு ஒன்றைத் துணியால் கட்டி வைத்திருந்தான்.

தம்பி குரலைத் தாழ்த்தினான். "அண்ணா, விபத்துன்னு சொல்லிடு. ஒரே வார்த்தை. அவ போயிடுவா, நாற்காலி நம்ம வீட்டுலயே இருக்கும். நீயும் இதைத்தானே ஆசைப்பட்டே? வெளிய தெரிஞ்சா நம்ம குடும்ப மானம் கப்பலேறிடும்."

"அது ஏறியாச்சுடா. இதோ, இந்த அட்டைக் கப்பல்லயே ஏறியாச்சு" என்றார் மாஸ்டர்.

ஓங்கி ஓர் அறை விட்டார். தம்பி தடுமாறினான், அடுத்த நொடியே தலையைத் தாழ்த்தி அவர் வயிற்றில் முட்டினான். இருவரும் கட்டிப் புரண்டார்கள். விசைப்பலகைகள் நொறுங்கின, விளக்கு ஒன்று சரிந்து வெடித்தது. யாரும் குறுக்கே போகவில்லை. தம்பியின் முழங்கை அண்ணனின் விலாவில் இறங்கியது. ஏதோ ஒன்று உள்ளே முறிந்ததை மாஸ்டர் உணர்ந்தார். அவர் தம்பியின் தலைமுடியைப் பிடித்து இழுத்தார். முடி மட்டும் கையோடு வந்தது. ஊரிலுள்ள இளைஞர்கள் எல்லாம் ஆசைப்பட்டு வெட்டிக்கொண்ட அந்த அலை அலையான முடி, டோப்பா. வேறு நாளாயிருந்தால் மொட்டை சிரித்திருப்பான்.

மாஸ்டர் தம்பியைக் குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை ஊன்றினார். அவன் வலது மணிக்கட்டைப் பற்றி மேல்நோக்கித் திருகினார். தம்பி அலறினான். "அண்ணா... வேண்டாம்ணா..." சிறுவயதில் கெஞ்சியதுபோலவே கெஞ்சினான். மாஸ்டரின் கை ஒரு கணம் நின்றது. பிறகு முழுச் சுற்றும் திருகியது. எலும்பு முறிந்த சத்தம் தளம் முழுவதும் கேட்டது.

எழுந்து நின்றார். மூச்சு விட முடியவில்லை. இயக்குநரைப் பார்த்துச் சொன்னார். "விபத்து இல்ல. தட்டிட்டு அடிச்சான், கைக்குள்ள இரும்பு வெச்சு அடிச்சான். யார் கேட்டாலும் இதையே சொல்லுங்க. அந்தப் பொண்ணு செஞ்சதுல ஒரு தப்பும் இல்ல. அந்த நாற்காலி அவளோடது."

பிறகு கீழே கிடந்த டோப்பாவை எடுத்துத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டார். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே உடற்கட்டு. தம்பியின் மேலங்கியைக் கழற்றித் தான் போட்டுக்கொண்டு, கேமராவுக்கு முதுகு காட்டி நின்றார்.

"கேமராவை ஓட விடுங்க. பாக்கி அடியை எடுத்துடலாம். நீ வாம்மா இங்க."

அவள் கண்ணுக்குக் கீழே பஞ்சை அழுத்திக்கொண்டு நின்றாள். இடது கண் முழுதாக மூடிவிட்டது. "ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரத்துல என்ன மாஸ்டர் இது?"

"போகலாம். இதை முடிச்சுட்டுப் போகலாம். உனக்கு எங்க விழுந்ததோ அங்கயே என்னை அடி. தட்டக் கூடாது."

"எனக்கு உங்களை அடிக்க வேண்டாம். அவனைத்தான் அடிக்கணும்."

"அவனை நான் அடிச்சாச்சு. அது வீட்டு விஷயம். இது தொழில் விஷயம். எங்க வீட்டுத் தட்டு இன்னைக்குப் பொய்யாயிடுச்சு. இந்த அடியை நான் வாங்கலேன்னா நாளைக்கு இவங்கள்ல ஒருத்தனும் என் தட்டை நம்பி முகத்தைக் குடுக்க மாட்டான். குடுக்கவும் கூடாது."

அவள் மொட்டையைப் பார்த்தாள். மொட்டை தலையை ஆட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது. பஞ்சைத் தூர எறிந்தாள். ரத்தம் மறுபடி கன்னத்தில் வழிந்தது.

"மெதுவா அடிச்சா?"

"அது என்னைச் செருப்பால அடிச்சதுக்குச் சமம்."

புகை விட்டார்கள். கேமரா ஓடியது. அவள் இடுப்பிலிருந்து திரும்பி, தோளின் முழு பலத்தையும் சேர்த்து விட்டாள். மூட்டை சுமந்தவரின் மகளுடைய குத்து. மாஸ்டர் தலையைத் திருப்பவில்லை, கண்ணை மூடவில்லை. கன்ன எலும்பு உள்ளே போனது. கால்கள் தரையை விட்டன. அவர் விழுந்த இடத்தில் மெத்தை இல்லை.

அவள் விழுந்தவரைத் தாண்டிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். உடை முழுக்கச் சொந்த ரத்தம். எழுதிக்கொடுத்த வசனத்தை, உதடு வீங்கியிருந்ததால், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "இனி இந்தக் கப்பல் என் கையில்." இயக்குநர் வெகுநேரம் "கட்" சொல்ல மறந்து நின்றார்.

மொட்டை மாஸ்டரைத் தூக்கி உட்கார வைத்தான். அவர் உள்ளங்கையில் ஒரு பல்லைத் துப்பினார். அவள் இறங்கி வந்து எதிரே குந்தினாள்.

"இப்பவும் இந்த வேஷம் எனக்கு ஆகாதுன்னுதானே நினைக்கறீங்க?"

"அதை மாத்திக்க ஒரு அடி போதாதும்மா."

"இன்னொண்ணு வேணுமா?"

அவர் சிரிக்கப் போய் விலாவைப் பிடித்துக்கொண்டார். அவளும் சிரித்தாள், சிரித்ததும் வலியில் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள். மாஸ்டர் அதைக் கேட்காததுபோல இருந்துவிட்டார்.

தம்பி பிளந்த சுவரில் சாய்ந்து, தொங்கும் கையை மடியில் ஏந்திக்கொண்டிருந்தான். டோப்பா இல்லாத தலையில் வியர்வை மின்னியது.

"ஊரே பாக்கப் போகுது. முதுகைப் பாத்து நான்தான்னு நினைப்பாங்க. ஒரு கறுப்பிகிட்ட அடி வாங்கி விழுந்தேன்னு காலத்துக்கும் பேசுவாங்க. என் பேரை இப்படிக் கெடுத்துட்டியேண்ணா."

"பேசட்டும்" என்றார் மாஸ்டர். "விழுந்தது நம்ம வீடுதானே."

பிறகு மொட்டையின் தோளைப் பிடித்து எழுந்து, தம்பியையும் அந்தப் பெண்ணையும் ஒரே வண்டியில் ஏற்றக் கூடாது என்று சொல்லி, அவளை முதலில் அனுப்பினார்.